பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்க்ராம்பளர்: எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கட்ட ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்னால் பழைய ஸ்க்ராம்பளர்கள், அதாவது காட்டுப் பாதைக்கான மோட்டார் சைக்கிள்கள், இன்னும் நிற்கின்றன. யமஹா டிடி125, சுஸுகி டிஎஸ்125, கவாசாகி கேஇ125. முதலில் பால்மரக் காட்டிலும், அப்புறம் செம்பனைக் காட்டிலும் செம்மண் பாதையில் ஏறி இறங்கிய மோட்டார்கள் இவை. இப்போது பல மோட்டார்கள் தகரக் கொட்டகையில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கின்றன. உதைத்தால் உயிர் வருவதில்லை. இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா, வேறு எஞ்சின் வைத்துவிடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எஞ்சினையே பிரித்துப் பார்த்திராத அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் அளந்து பாருங்கள். காற்று குளிர்விக்கும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் போல ஏறி இறங்கும் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. உள்ளே தேயக்கூடியவை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சாமான்கள்தான் உண்டு. செத்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை புதிய ஆயில் சீல், பேரிங், பிஸ்டன், ஒரு போரிங் (தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது). இதை உணர்ந்தால் எஞ்சினை மாற்றும் பேச்சே பல வீடுகளில் எழாது.

எஞ்சின் மாற்றலாமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பணமும் கெரானும் (மோட்டாரின் பதிவு ஆவணம்) இதில் மாட்டிக்கொள்ளும். மோட்டாரின் பதிவில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. வேறு எஞ்சினைப் பொருத்தி சாலையில் ஓட்ட வேண்டுமானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதி வாங்கி, பரிசோதனைக்குக் காட்டி, கெரானில் எண்ணை மாற்ற வேண்டும். எஞ்சின் எண் கிராங்க் கேஸின், அதாவது எஞ்சினின் அடிப்பாகக் கூட்டின், மேல்தான் வெட்டப்பட்டிருக்கும். அதனால் உடைந்த கேஸை மட்டும் மாற்றினாலும் எண் மாறிவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சாமான் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். கெரானே இல்லாத எஞ்சினை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் வாங்கவே வேண்டாம். அது யாருடைய மோட்டாரிலிருந்து வந்தது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

நம் நாட்டில் எல்லோர் கண்ணும் யமஹா ஆர்எக்ஸ்ஸெட் எஞ்சின் மேல்தான் போகும். சாமான் கிடைக்கும், வேகமும் உண்டு. ஆனால் அது தார்ச்சாலைக்காகப் பிறந்த எஞ்சின். அதன் பலம் மேல் சுற்றில் வரும். செங்குத்தான தோட்டப் பாதையில் முதல் கியரில் மெதுவாக ஏற வேண்டிய இடத்தில் ஸ்க்ராம்பளரின் கீழ்ச்சுற்று இழுவைதான் உதவும். அதோடு எக்ஸோஸ் வெளியே வரும் கோணம் வேறு, எஞ்சின் பிடிக்கும் துளைகள் வேறு, முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் வராமல் போகும். பிரேமை வெட்டி ஒட்டத் தொடங்கினால் அது பழைய மோட்டாராக இருக்காது. எஞ்சின் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதே மாடல், அதே வரிசை எஞ்சினையே தேடுங்கள். அதையும் கீழே சொல்கிறபடி பிரித்துப் பார்க்காமல் பொருத்தாதீர்கள். யாரோ கழற்றி விற்ற எஞ்சினின் சீலும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான்.

பிரிப்பதற்கு முன் நோய் கண்டுபிடியுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். ஓடுகிற நிலையில் இருந்தால் உதைத்து ஓட விட்டுப் பாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை ஸ்பார்க் பிளக் துளையில் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, முள் நிற்கும்வரை உதையுங்கள். 125 சிசி எஞ்சினில் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் பிஸ்டனும் ரிங்கும் ஓரளவு நன்றாக இருக்கின்றன. 90க்குக் கீழே போனால் மேல்பாகம் கட்டாயம் பிரிக்கப்பட வேண்டும்.

புகையும் கியர்பாக்ஸ் எண்ணெயும் நிறையச் சொல்லும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, இருக்கும் அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் அங்கே வந்துதான் மேலே போகின்றன. அந்த அறையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரப்பர் சீல் உண்டு. கிளட்ச் பக்க சீல் போய்விட்டால் எஞ்சின் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சி எரிக்கும். அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பிளக் நனையும், வெளியே ஒழுக்கே இல்லாமல் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். மேக்னெட் (பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்க சீல் போய்விட்டால் இன்னும் மோசம். அந்தப் பக்கம் எண்ணெய் இல்லை, வெறும் காற்றுதான் உள்ளே வரும். பெட்ரோல் கலவை மெலிந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உயரமாகவே கத்தும். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சூடாகிச் சிக்கிக்கொள்ளும், அதாவது சீஸ் ஆகும். புதுப் பிஸ்டன் போட்டும் மறுபடி மறுபடி சீஸ் ஆகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஒரு சீல்தான் காரணம். பிஸ்டனையும் கார்புரேட்டரையும் குறை சொல்லிப் பணம் செலவழிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சீல் எப்படி இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஓர் அருமையான வழி உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும், கையால் அழுத்தி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பும் மீட்டரும் போதும். எக்ஸோஸ் வாயில் ரப்பர் ஷீட்டை வைத்துத் தகடால் இறுக்கி மூடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, அது நுழையும் ரப்பர் வாயில் ஒரு கார்க்கை அடைத்து, கார்க்கின் நடுவே குழாய் சொருகிப் பம்பை இணையுங்கள். பிளக் அதன் இடத்தில் இருக்கட்டும். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி வையுங்கள், அப்போதுதான் சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். மீட்டரில் 300 வரும்வரை பம்ப் செய்யுங்கள். இது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. நல்ல எஞ்சின் அப்படியே பிடித்து நிற்கும். ஒரு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. மேக்னெட் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பக்க சீலில் சோப்பு நீர் தடவினால் குமிழி எழும். கிளட்ச் பக்கத்துக்கு, கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துவிட்டு எண்ணெய் ஊற்றும் வாயில் காதை வையுங்கள், சீறும் சத்தம் கேட்கும். சிலிண்டர் அடியிலும் அதன் மேல்மூடியான ஹெட் ஓரத்திலும் இதேபோல் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்.

கேஇ125 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் கார்புரேட்டர் வலப்பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும், பெட்ரோல் கலவை சுழலும் தட்டு வழியாக உள்ளே போகும். அதனால் அடைக்க வேண்டிய இடம் மாறும். அந்த மாடலின் மேனுவலைப் பார்த்தே செய்ய வேண்டும்.

மேனுவல் என்றதும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மோட்டாரின் மாடலும் ஆண்டும் பொருந்துகிற சர்வீஸ் மேனுவலைக் கட்டாயம் தேடி எடுங்கள். இங்கே நான் கொடுக்கும் எண்கள் இந்த வகை எஞ்சின்களுக்கான பொது அளவுகள். கடைசி வார்த்தை மேனுவலுடையது.

கருவிகள்

எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று கருவிகள் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஒன்று, மேக்னெட் சக்கரத்தை இழுக்கும் புல்லர். பல யமஹா, சுஸுகி எஞ்சின்களில் இதன் மரை இடப்பக்கமாகத் திருகும், வாங்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, கிராங்க் கேஸைப் பிரிக்கும் புல்லர். மூன்று, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர்.

மூன்றாவது கருவிக்குக் காரணம் உண்டு. பழைய ஜப்பானிய மோட்டார்களின் கூட்டல் குறித் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அவற்றில் முழுதாக இறங்கி உட்காராது, நழுவித் தலையை மழித்துவிடும். ஜேஐஎஸ் முனையை வாங்கி இம்பேக்ட் டிரைவரில் மாட்டி அடித்தால் பல ஆண்டுகள் ஒட்டிக்கிடந்த திருகும் நெகிழும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊற விடுங்கள். இதற்கு மேல் இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச், பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையத்தை எடுக்கும் சர்கிளிப் பிளையர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது.

கழற்றும் முறை

எஞ்சின் பிரேமில் இருக்கும்போதே கடினமான நட்டுகளை நெகிழ்த்திவிட வேண்டும். முன் ஸ்பிராக்கெட் நட்டை, செயின் மாட்டியிருக்கும்போதே, பின் பிரேக்கை யாராவது அழுத்திப் பிடிக்க நெகிழ்த்துங்கள். எஞ்சினை வெளியே எடுத்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த வழி இருக்காது. ஸ்பிராக்கெட் மூடியைத் திறந்ததும் அதன் பின்னால் கேஸ் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயின் அறுந்து சுருண்டு கேஸை உடைப்பது இந்த மோட்டார்களில் வழக்கமான விபத்து. சிறிய உடைசல் என்றால் அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடம் ஒட்டலாம், எஞ்சின் எண்ணும் அப்படியே இருக்கும்.

கியர்பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். அடியில் சாம்பல் நிற மாவு போல இருந்தால் அது இயல்பான தேய்மானம். பல் துண்டோ மின்னும் செதிலோ கிடந்தால் கியரிலோ பேரிங்கிலோ ஏதோ உடைந்திருக்கிறது, கீழ்ப்பாகத்தைப் பிரிக்காமல் விட முடியாது.

எக்ஸோஸ், கார்புரேட்டர், கேபிள்கள், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். எண்ணெய்க் குழாயின் முனையை உடனே அடைத்துவிடுங்கள். மூடித் திருகுகள் நீளத்தில் வித்தியாசப்படும். அதற்கு ஒரு மைலோ பெட்டியின் அட்டையில் எஞ்சின் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்தத் திருகு வந்ததோ அதே இடத்தில் குத்தி வைத்துவிடுங்கள். நீளமான திருகைக் குட்டைத் துளையில் திருகினால் கேஸ் விரிசல் விடும்.

மேல்பாகம் எளிது. ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக நெகிழ்த்துங்கள். சிலிண்டரை, நம் ஊர்ப் பேச்சில் புளோக்கை, நேராக மேலே தூக்குங்கள். பிஸ்டன் வெளியே வந்ததும் கிராங்க் அறையின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத்தான் சர்கிளிப்பில் கை வைக்க வேண்டும். துள்ளிப் போகும் அந்தச் சிறு கம்பி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரித்துத்தான் எடுக்க முடியும்.

மேக்னெட் நட்டையும் கிளட்ச் நட்டையும் நெகிழ்த்தும்போது கிராங்க் சுழலாமல் இருக்க, சிலர் பிளக் துளை வழியாகக் கயிற்றைத் திணிப்பார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சரி. டூ ஸ்ட்ரோக்கில் கயிறு எக்ஸோஸ் துவாரத்தில் மாட்டி வெட்டுப்படும், ரிங்கும் போகும். சக்கரத்தைப் பிடிக்கும் கருவியோ, கிளட்ச் பிடிக்கும் கருவியோ பயன்படுத்துங்கள். கிராங்க்கின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. அது தனித்தனிப் பாகங்களை அழுத்திச் சேர்த்த கிராங்க். ஓர் அடியில் நேர்கோடு தவறிவிடும்.

கேஸைப் பிரிக்கும்போது எல்லாத் திருகும் வந்துவிட்டதா என்று இரண்டு முறை பாருங்கள். மேக்னெட்டின் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும். புல்லரைத் திருகத் திருக இரண்டு பாதியும் சமமாக விலக வேண்டும். ஒருபக்கம் மட்டும் விலகினால் நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துங்கள். ஒட்டும் முகங்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அந்தக் கீறல் வழியே என்றைக்கும் காற்று போகும். கியர் ஷாப்டுகளின் நுனியில் இருக்கும் மெல்லிய வளையங்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைக் குறித்து வையுங்கள், அவை கேஸில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

எது மிஞ்சும், எது மாற வேண்டும்

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலில் கழுவ வேண்டுமென்றால் திறந்த வெளியில், அடுப்பிலிருந்து தூரத்தில்.

கான்ராடை (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பி) பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அப்படி இழுக்கும்போது துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் அசைவது இயல்பு. மேல் நுனியில் அந்தப் பக்கவாட்டு ஆட்டம் 1 மி.மீ. அளவில் இருந்தால் நல்ல நிலை, 2 மி.மீ.ஐத் தாண்டினால் பெரிய முனைப் பேரிங் தேய்ந்துவிட்டது. இங்குள்ள ஈரக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற எஞ்சின்களில் துருவின் புள்ளிகள் அடிக்கடி தென்படும். மெயின் பேரிங்கை விரலால் சுழற்றும்போது கரகரப்பு வந்தால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அதை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்கே போய் வாங்குவது நல்லது. எண்ணோடு சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரிவதற்கு இடம் விட்டுச் செய்யப்பட்ட பேரிங் அது, சாதாரணமானதைப் போட்டால் இறுகும். பெயர் தெரியாத பாக்கெட்டில் வரும் மலிவுப் பேரிங்கில் கை வைக்காதீர்கள்.

கியர்களில், ஒன்றோடொன்று கோக்கும் பற்களின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் ஏற்றத்தில் கியர் தானாக நழுவும். கியரை நகர்த்தும் கவை போன்ற ஃபோர்க்கின் நுனி வளைந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அதுவும் மாற வேண்டும். மற்றபடி கியர்பாக்ஸ் இந்த மோட்டார்களில் உறுதியானது, நன்றாக இருந்தால் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம்.

ஆயில் சீல்கள் எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கேஸ்கெட்டுகளையும் மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை, மற்ற எல்லாச் செலவும் அந்தச் சிறு ரப்பரைத்தான் நம்பியிருக்கிறது.

சிலிண்டரில் எக்ஸோஸ் துவாரத்தின் பக்கம்தான் முதலில் தேயும். டிடி125, டிஎஸ்125 இரண்டுக்கும் தொடக்க போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 56 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் அளந்து, 0.05 மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் போரிங் செய்யும் நேரம் வந்துவிட்டது. பிஸ்டன் பக்கவாட்டில் செங்குத்துக் கோடுகள் ஓடியிருந்தால் சீஸ் ஆன அடையாளம். பொடி மண்ணால் மணல்காகிதம் தேய்த்தது போல மங்கியிருந்தால் ஏர் பில்டர் கிழிந்து செம்மண் தூசி உள்ளே போயிருக்கிறது. நம் தோட்டப் பாதைகளில் சிலிண்டரைக் கொல்வது பெரும்பாலும் இந்தத் தூசிதான். பழைய ஸ்பாஞ்சு பில்டரும் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்து எஞ்சினுக்குள்ளேயே போகும். அதனால் பிஸ்டன் வாங்கும் அன்றே புது ஸ்பாஞ்சும் வாங்குங்கள், அதைப் பில்டர் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். பில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது.

பட்டறைக்குப் போக வேண்டிய வேலை

இரண்டு வேலைகளை வீட்டில் செய்ய முடியாது. போரிங் ஒன்று, கிராங்க் பிரித்துக் கான்ராட் மாற்றுவது இன்னொன்று. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ தூரமில்லை, அங்கே எஞ்சினியரிங் பட்டறைகள் இருக்கின்றன.

போரிங்குக்குப் போகும்போது பிஸ்டனைக் கையோடு கொண்டு போங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பெரிதாகும் வரிசையில் பிஸ்டன் வரும். எல்லாத் தேய்மானமும் மறைகிற மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அடுத்த முறைக்கும் இடம் மிச்சமிருக்கும். பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைய வேண்டும். முதலில் சிலிண்டரைக் கடைந்துவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடக் கூடாது. இந்த வகை எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.04 மி.மீ. அளவில் இடைவெளி வைப்பது வழக்கம். பிஸ்டன் பெட்டியிலும் மேனுவலிலும் உள்ள எண்ணைப் பட்டறைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். துவாரங்களின் ஓரத்தைச் சற்று மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள். அந்தக் கூர்மை அப்படியே இருந்தால் ரிங் மாட்டி உடையும்.

கிராங்க் திரும்பி வந்ததும் எவ்வளவு நேராக இருக்கிறது என்று அவர் முன்னாலேயே டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள். 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார்.

திரும்பி வந்த சிலிண்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரைக்கும் கழுவ வேண்டும். கடைசல் தூளை மண்ணெண்ணெய் எடுக்காது. காய்ந்த உடனே எண்ணெய் தடவுங்கள், நம் ஊர் ஈரத்தில் சற்று நேரத்திலேயே துரு பிடிக்கும்.

கீழ்ப்பாகத்தைச் சேர்த்தல்

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம். கேஸை மின் அடுப்புத் தட்டின் மேல் வைத்து, தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் சீறும் அளவுக்குச் சூடாக்குங்கள். பேரிங்கை முந்தைய இரவே பிரீசரில் வைத்திருங்கள். தடித்த கையுறை போட்டு நேராகப் போட்டால் தானாக இறங்கி உட்காரும். நெருப்பு நேரடியாகப் படுவது கேஸைக் கோணலாக்கும்.

கியர்களை ஷாப்டோடு மொத்தமாக வைத்து, கிராங்கை உட்கார வைத்து, கேஸ் முகத்தில் கடினமாகாத வகை ஒட்டும் பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் உள்ளே பிதுங்கி எண்ணெய் வழியை அடைக்கும். திருகுகளைப் படிப்படியாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கிராங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். முழுதாக இறுக்கிய பிறகு பாரமாகச் சுற்றினால் கேஸின் பக்கங்களை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், பேரிங் சமமாகி கிராங்க் இலேசாகும். பிறகு வெளி ஷாப்டைச் சுழற்றிக்கொண்டே எல்லாக் கியரும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறதா என்று பாருங்கள். கியர் விழாமல் பக்கத்து மூடியை மூடிவிடாதீர்கள்.

சீல்களின் உதட்டில் கிரீஸ் தடவி, பழையது எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வைத்து, சமமான வளையத்தால் அழுத்துங்கள். கிளட்ச் தட்டுகளைப் பொருத்துவதற்கு முன் கியர் எண்ணெயில் ஊற வைத்திருக்க வேண்டும்.

மேல்பாகமும் பொறியும்

பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருக்கும், அது எக்ஸோஸ் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியை அளந்தால் 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ரிங்கின் முனைகள் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சிறு ஆணியில் சரியாக உட்கார வேண்டும். சிலிண்டரை இறக்கும்போது இடமும் வலமும் திருகக் கூடாது, ரிங் முனை துவாரத்துக்குள் போய் முறியும். சர்கிளிப் எப்போதும் புதிது, அதன் திறந்த வாய் நேர் மேலோ நேர் கீழோ பார்க்க வேண்டும்.

ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் சுற்றளவில் போதும். இப்போது மறுபடி அந்த இரத்த அழுத்தப் பம்பை எடுத்துக் கசிவுச் சோதனை செய்யுங்கள். பிரேமில் ஏற்றுவதற்கு முன் இதைச் செய்தால், ஏதாவது தவறியிருந்தாலும் மேசையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த மேக்னெட் என்றால் பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 2 மி.மீ. அளவு முன்பாகவே பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். துல்லியமான எண்ணை மேனுவலில் பார்த்து, பிளக் துளையில் டயல் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். பாயிண்ட் இல்லாத மின்னணு வகையான சிடிஐ என்றால் தட்டில் உள்ள கோட்டைக் கேஸில் உள்ள கோட்டோடு சேர்த்தால் போதும். பிளக் என்ஜிகே பி8இஎஸ் போன்ற வகை, உங்கள் மாடலுக்கு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணெய், முதல் உதை

கியர்பாக்ஸுக்கு ஈரக் கிளட்சுக்கேற்ற ஜாஸோ எம்ஏ வகை எண்ணெய் (ஜாஸோ என்பது ஜப்பானியத் தரக் குறியீடு). கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டூ-டி (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) தொட்டிக்கு ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி.

இந்த மோட்டார்களில் எண்ணெயைத் தனிப் பம்ப் ஊட்டுகிறது. யமஹா இதை ஆட்டோலூப் என்ற பெயரில் 1964இல் கொண்டுவந்தது. குழாயைக் கழற்றி மாட்டிய பிறகு பம்புக்குள் காற்றுக் குமிழி நின்றால் எண்ணெய் போகாது, எஞ்சின் சிறிது நேரத்திலேயே சீஸ் ஆகும். பம்பில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் எண்ணெய் ஒழுகும்வரை விடுங்கள். கேபிளை இழுத்தால் பம்பின் குறி மேனுவலில் காட்டியபடி வருகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு செய்த பிறகும் முதல் தொட்டிப் பெட்ரோலில் லிட்டருக்கு 25 மில்லி டூ-டி எண்ணெய் கலந்தே ஊற்றுங்கள். கொஞ்சம் புகையும், அது போகட்டும். பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை அந்த எண்ணெய் பிஸ்டனைக் காப்பாற்றும்.

பெட்ரோல் தொட்டியில் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் உதைக்காதீர்கள். கார்புரேட்டரின் சிறு துளைகளில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருக்கும், பெட்ரோல் அளவாக வரும் சிறு துளைத் திருகுகளான ஜெட்டுகளைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

எஞ்சின் பிடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துங்கள். கையால் தொடும் அளவுக்கு ஆறட்டும். மறுபடி ஓட்டி, மறுபடி ஆற விடுங்கள். இப்படிச் சில முறை சூடாகி ஆறிய பிறகு, முழுதாக ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் நீண்ட நேரம் திறக்க வேண்டாம். ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பெரிய கியரில் ஏற்றத்தில் முக்க விடுவது வேகமாக ஓட்டுவதை விடக் கெடுதல், முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடி வைத்தால் பம்பின் எண்ணெயும் குறையும், அதனால் இடையிடையே சற்றுத் திறந்துவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலை மாதிரி மேடுபள்ளம் கலந்த பாதை இதற்கு ஏற்றது. நெடுஞ்சாலை ஏற்றதல்ல.

கொஞ்ச தூரம் ஓட்டியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிவு, உடனே ஓட்டுவதை நிறுத்திக் காற்றுக் கசிவையும் மெயின் ஜெட்டையும் பாருங்கள். கறுத்து நனைந்திருந்தால் கலவை செழிப்பு, அதாவது பெட்ரோல் அதிகம், அவசரமில்லை. காய்ந்த பழுப்பு நிறம்தான் நாம் தேடுவது. 500 கிலோமீட்டர் ஆனதும் கியர்பாக்ஸ் எண்ணெயை மறுபடி அதே வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்த்து, புது எண்ணெய் ஊற்றுங்கள். எஞ்சின் பிடிக்கும் போல்டுகளையும் எக்ஸோஸ் நட்டுகளையும் அன்றே ஒருமுறை இறுக்கிவிட்டால், பிறகு ஏர் பில்டரை மட்டும் தூசி காலத்தில் வாரம் ஒருமுறை கழுவி எண்ணெய் போட்டால் போதும்.